நடக்க முடியாதவரையும் அழைத்துச் செல்வோம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதைச் செம்மையாகவே பேசிவிட்டார்கள். ஆதலால் நான் வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். தலைமையாசிரியர் அவர்கள், "என்ன தலைப்பு?" என்று கேட்டார். "லீவுக்குக் குடும்பத்தோட எங்கேயாவது போறதைப் பத்தி, சார்" என்றேன். சிரித்துவிட்டு, "சரி, போய்ட்டு வாங்க" என்றார். நான் போய் வந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஒவ்வொரு விடுமுறை முடிந்த பிறகும் "விடுமுறையில் நான்" என்று கட்டுரை எழுதச் சொல்வோம். திருத்துகிற எங்களுக்குத்தான் தெரியும் அந்தக் கட்டுரைகளின் இலட்சணம். "நான் வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சி பார்த்தேன். அம்மா சமைத்தார். சாப்பிட்டேன். விடுமுறை இனிதே முடிந்தது." பத்துப் பேரில் ஏழு பேர் இதைத்தான் எழுதுகிறார்கள். பணம் இல்லாததுதான் காரணம் என்று நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டேன். "பாட்டிக்கு முட்டி வலி, டீச்சர்." "அப்பாவுக்கு இனிப்புநீர், ஒரு கால எடுத்துட்டாங்க, டீச்சர்." "தம்பி நடக்கமாட்டான்." வீட்டில் ஒருவரால் நடக்க முடியவில்லை, அதனால் வீடே எங்கும் போகவில்லை. இல்லாவிட்டால் அந்த ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் போகிறார்கள். இந்த இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னமும் சொல்லத் தெரியவில்லை.

பெரியவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பால்மரமும் இல்லை, லயமும் இல்லை. வரிசை வீடுகள் எழும்பிவிட்டன. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் தைப்பூசத்திற்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தோட்டத்து லாரி போகும். எங்கள் எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி லாரியில் ஏற்றுவார்கள். பின்பலகையில் சாய்த்து, வேட்டியால் நாற்காலியைக் கட்டி, பக்கத்தில் இரண்டு இளவட்டங்களை உட்கார வைப்பார்கள். தாத்தாவை விட்டுவிட்டு லாரி கிளம்பியதாக எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்குச் சிரமமாக இருக்குமே என்று ஒருவரும் கேட்கவில்லை. சிரமம்தான். சிரமப்பட்டுத்தான் எல்லாரும் போனோம்.

இன்றைக்கு வீட்டுக்கு வீடு கார் நிற்கிறது. மெத்தை போட்ட இருக்கை, குளிர்சாதனம், பாட்டு. ஆனால் அதில் தாத்தாவுக்கு இடமில்லை. "அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று நாமே சொல்லிக்கொண்டு பூட்டிவிட்டுப் போகிறோம். லாரியில் இருந்த இடம் காரில் எப்படி இல்லாமல் போனது?

என் கதைக்கு வருகிறேன். நான் நடப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பது வயதில் மோட்டார் விபத்து. அன்றிலிருந்து என் இடது முட்டி முழுவதுமாக மடங்காது. நீண்ட நேரம் நடந்தால் வீங்கிவிடும். மாணவர்கள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். (முதல் வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிகிறார்கள், பாருங்கள்.)

என்னைக் கட்டிக்கொண்டவரோ முதுகில் பையை மாட்டிக்கொண்டு காடு மலை என்று அலைகிற ஆசாமி. கல்யாணமாகி, பிள்ளைகளும் கொஞ்சம் வளர்ந்த பிறகு, "குடும்பமா ஒரு தடவை போவோம்" என்று லாத்தா கிஞ்சாங் அருவிக்கு அழைத்துப் போனார். தாப்பா பக்கம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மலையில் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி தூரத்திலிருந்தே தெரியும். கிட்டே போனால் படிகள், தொங்கு பாலம், மறுபடியும் படிகள். அவரும் பிள்ளைகளும் முன்னால் போய்விட்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். "வலிக்குதா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டார். "இல்லை, இல்லை" என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இறங்கி வரும்போது முட்டி பலாக்காய் மாதிரி ஆகிவிட்டது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் அழுதார்கள். அவர் என்மேல் எரிந்து விழுந்தார், நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். வீடு வந்து சேரும் வரை காரில் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் எங்கள் வீட்டில் யாரும் முதுகுப்பையைத் தொடவில்லை.

இதில் அருவிமேல் தப்பில்லை, படிமேலும் தப்பில்லை. வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லாதது என் தப்பு. சொன்னால் நம்மால் மற்றவர்களின் சந்தோஷம் கெட்டுவிடுமே என்று நினைத்தேன். சொல்லாததால்தான் கெட்டது.

பிறகு என் அம்மா எங்களோடு வந்து தங்கினார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் குனிந்து குனிந்து உளி போட்டு, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் மாட்டித் தோளில் சுமந்தவர். அந்த முட்டி இரண்டும் என்ன கதியில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அதே முட்டிதான். ஆக, நடக்கச் சிரமப்படுகிறவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஆனோம்.

ஒரு நாள் என் மகள், "அப்பா ஏன் பாட்டி இப்பல்லாம் மலைக்குப் போறதில்லை?" என்று கேட்டாள். அம்மா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, உச்சிக்குப் போனாத்தான் போனதா? கித்தா மரத்துல நாங்க உச்சிக்கு ஏறியாடி பாலெடுத்தோம்? அடியில நின்னுதானே வெட்டுனோம்!"

ஆசிரியப் பயிற்சியில் எனக்கு யாரும் இப்படி ஒரு பாடம் நடத்தியதில்லை. அடுத்த விடுமுறைக்கே மூன்று நாள் பயணம் ஒன்று போட்டோம்: கோலகங்சார், தைப்பிங், கோல செப்பெத்தாங். நான், அவர், பிள்ளைகள் இருவர், அம்மா. கார் வேண்டாம், ரயிலில் போவோம் என்று முடிவு செய்தோம். ஏனென்றால் காரில் போனால் ஓட்டுகிறவர் களைத்துவிடுவார், முட்டியை நீட்ட முடியாது. ரயிலில் எழுந்து நிற்கலாம், காலை நீட்டலாம், கழிவறையும் உண்டு. கழிவறையைப் பற்றி மேடையில் பேசுகிறாளே என்று முகம் சுளிக்க வேண்டாம். வயதானவர்களும் முட்டி மடங்காதவர்களும் வெளியே போகப் பயப்படுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். குத்தவைக்கும் கழிவறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. என் அம்மா இதற்குப் பயந்தே முன்பெல்லாம் வெளியூர் கிளம்பும் நாளில் தண்ணீர் குடிக்கமாட்டார். அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆகவே இப்போது எங்கே போனாலும், உட்காரும் கழிவறை எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரித்துவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

பை கட்டுவதற்கு அம்மாதான் தலைமை. என் வீட்டுக்காரர் பத்து வருஷமாக மலையேறுகிறவர், அவர் கட்டிய பையை அம்மா ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "பின்னால இழுக்குதே, மாப்பிள்ளே. கனமானதை முதுகோட ஒட்டி வைங்க. காண்டாவுல ஒரு வாளி நிறைஞ்சு ஒரு வாளி குறைஞ்சா இடுப்பு போயிடும், தெரியுமில்ல?" என்றார். பிரித்து மறுபடியும் கட்டினார்கள். தண்ணீர்ப் புட்டி, பால் பவுடர் டின் போன்ற கனமான சாமான்கள் முதுகை ஒட்டி நடுவில், துணிமணி வெளிப்பக்கம், இரண்டு தோளிலும் பட்டை, ஒரு தோளில் தொங்கவிடக் கூடாது. மலையேறுகிறவர்களின் புத்தகங்களிலும் இதே முறைதான் சொல்லியிருக்கிறது என்று அவர் பிறகு ஒப்புக்கொண்டார். என் பையில் ஒரு துண்டும் மருந்தும் மட்டுந்தான். அம்மாவுக்குப் பையே கிடையாது, கையில் குச்சி. பிள்ளைகள் தங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்கவில்லை. முப்பது கிலோ பிள்ளைக்கு மூன்று கிலோ. (நம் பிள்ளைகளின் புத்தகப் பை அதைவிடக் கனம் என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.)

இன்னொன்றும் மாற்றினோம். மெதுவாக நடக்கிறவர்தான் முன்னால் நடக்க வேண்டும். முன்பு நான் பின்னால் நடந்தேன், அவர்கள் ஓரிடத்தில் நின்று இளைப்பாறுவார்கள், நான் போய்ச் சேர்ந்ததும் "சரி, போகலாமா?" என்று கிளம்பிவிடுவார்கள். ஆக, ஓய்வு வேண்டாதவர்களுக்கெல்லாம் ஓய்வு. வேண்டிய எனக்கு மட்டும் இல்லை. இப்போது அம்மாதான் எங்களுக்குத் தண்டல். அவர் நடந்தால் நடப்போம், நின்றால் நிற்போம்.

1917இல் கட்டி முடிந்த அந்த வெள்ளை மாளிகை போன்ற ஈப்போ ரயில் நிலையத்தில் காலையில் ஏறினோம். முதலில் கோலகங்சார். அங்கே அரண்மனையும் பொன் கூரைப் பள்ளிவாசலும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் நாங்கள் போனது ஒரு மரத்தைப் பார்க்க. மாவட்ட அலுவலகத்திற்குப் பக்கத்தில், சாலையோரத்திலேயே, வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். வாடகைக் காரிலிருந்து இறங்கினால் பத்தடிதான். 1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைக் கோலகங்சாருக்குக் கொண்டுவந்து நட்டார்கள். அந்த ஒன்பதில் எஞ்சி நிற்பது இந்த ஒரு மரம். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்ததற்கும், பெரட்டுக்கு எழுந்து ஓடியதற்கும், என் அம்மாவின் முட்டி தேய்ந்ததற்கும் ஆதி காரணம் இதுவும் இதன் கூடப்பிறந்தவையும்தான்.

அம்மா வேலிக்கு வெளியே நின்றுகொண்டு மரத்தையே பார்த்தார். கும்பிடுவாரோ என்று நினைத்தேன். கும்பிடவில்லை. "பட்டை இப்படி முண்டும் முடிச்சுமா இருந்தா உளி எங்கே வைக்கிறது? கங்காணி கண்ணுல பட்டா ஏசுவான்" என்றார். பிறகு பேரப் பிள்ளைகளைக் கிட்டே அழைத்து, வெட்டுக்கோடு எந்தச் சாய்வில் இறங்க வேண்டும், ஆழமாகப் போனால் மரம் எப்படிக் காயப்படும் என்று குச்சியால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். அரை மணி நேரம். வழியில் போன சீனப் பெரியவர் ஒருவரும் நின்று கேட்டுவிட்டுப் போனார். என் மகன் பால்மரத்தையே அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. செம்பனைதான் அவனுக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் நடந்தது மொத்தம் அரை மைல்கூட இருக்காது. அந்த மூன்று நாளில் எது பிடித்தது என்று கேட்டால் பிள்ளைகள் இருவரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

அம்மாவை விட்டுவிட்டுப் போயிருந்தால் அது வெறும் மரம். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்திருப்போம்.

மறுநாள் தைப்பிங். ஏரிப் பூங்காவைச் சுற்றிப் பாதை சமதளம். சக்கர நாற்காலியும் தள்ளலாம், குழந்தை வண்டியும் தள்ளலாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தூங்குமூஞ்சி மரங்கள் கிளையை ஏரித் தண்ணீரில் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்த ஏரிகள் எல்லாம் ஒரு காலத்தில் ஈய லம்பம். தோண்டி முடித்த பள்ளத்தை 1880இல் பூங்காவாக ஒதுக்கினார்கள். காலை ஏழு மணிக்குப் போய்விட வேண்டும். தைப்பிங் மழை பேர்போனது, மத்தியானத்துக்கு மேல் நம்ப முடியாது. நாங்கள் நடந்தோம், உட்கார்ந்தோம், பசியாறினோம், மறுபடி நடந்தோம். முழுச் சுற்றும் வரவில்லை. வரவேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

பூங்காவுக்குப் பின்னால் புக்கிட் லாருட் மலை தெரியும். 1979 வரை அதற்கு மேக்ஸ்வெல் ஹில் என்று பெயர். 1884இல் வெள்ளைக்காரர்கள் குளிர்ச்சிக்காக உண்டாக்கிய இடம். உயரம் ஏறக்குறைய 1,250 மீட்டர். போர்க் கைதிகளைக் கொண்டு போட்ட சாலை 1948இல்தான் முடிந்தது. அதற்கு முன்னால் எப்படிப் போனார்கள் தெரியுமா? நடந்தும், மட்டக் குதிரையிலும் போனார்கள். முடியாதவர்கள் நாற்காலிப் பல்லக்கில் உட்கார, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். துரைசானிக்கு மூச்சு வாங்குகிறது என்று யாரும் அவரை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் போகவில்லை. பழனியிலும் நடக்க முடியாதவர்களுக்கு விஞ்ச் இருக்கிறது. சபரிமலையில் டோலி இருக்கிறது. முடியாதவரைத் தூக்கிக்கொண்டு போவது உலகத்தில் எங்கும் புதிதல்ல. காசு கொடுத்தால் அந்நியன் தூக்குகிறான், பக்தி இருந்தால் ஊர் தூக்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்திற்கு மட்டும் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது.

நாங்கள் மலைக்கு ஏறவில்லை. பல ஆண்டுகள் லேண்ட்ரோவர் ஓடிய சாலைதான், ஆனால் மண்சரிவால் மூடுவதும் திறப்பதுமாக இருந்திருக்கிறது. போக நினைப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் ஓடைத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் தனியாக ஒரு மணி நேரம் மேலே நடந்துவிட்டு வந்தார். இதையும் சொல்ல வேண்டும்: நடக்க முடிகிறவரைக் கட்டிப் போடுவதும் நியாயமில்லை. அவருக்கு ஒரு மணி நேரம், எங்களுக்கு ஓடை. அவர் வந்து சொன்ன அட்டைக் கதையைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பில் ஓடை கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் கோல செப்பெத்தாங். பழைய பெயர் போர்ட் வெல்ட். இந்த நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் முதல் தேதி தைப்பிங்குக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் இடையேதான் ஓடியது. தண்டவாளம் இப்போது இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைத்தெருவில் நிற்கிறது. அதில் நம் தமிழ் எழுத்தும் இருக்கிறது. என் மகள் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். படகில் ஏறுவதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய மலையாக இருந்தது. படகு ஆடுகிறது, முட்டி மடங்க மறுக்கிறது. "தம்பி, எனக்குக் கால் சரியில்லை, கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று படகுக்காரப் பையனிடம் மலாயில் சொன்னேன். ஒரு கையைப் பிடித்து ஏற்றிவிட்டான், அவ்வளவுதான். லாத்தா கிஞ்சாங்கில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டால் படகில் எல்லாருக்கும் ஒரே கால்தான். இரண்டு பக்கமும் சதுப்புநிலக் காடு, தலைக்கு மேலே பருந்து.

இனி, முட்டிவலிக்காரர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்கு எமன். ஆகவே திரும்பி இறங்குவதற்குத் தெம்பு இருக்கும்போதே ஏறுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது நோகிற காலை முதலில் வைக்க வேண்டும். குச்சியை நோகிற காலின் பக்கமே பிடிக்கிறோம் நாம். அது தவறு, எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். எனக்கு இடது கால், குச்சி வலது கையில். இதைச் சொல்லிக்கொடுத்த மருத்துவமனைத் தாதிக்கு என் நன்றி. இனிப்புநீர்க்காரர்கள் ஓடைக் கரையானாலும் கோயில் வாசலானாலும் வெறுங்காலோடு வெகுதூரம் நடக்கக் கூடாது. புதுச் சப்பாத்தைப் பயண நாளில் முதன்முதலாகப் போடவே கூடாது. இரவில் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தன்னால் குனிய முடியாவிட்டால் பிள்ளைகள் பார்க்கட்டும். மருந்தைச் சரியான நேரத்தில் போடுவதோடு, மயக்கம் வந்தால் வாயில் போட மிட்டாயும் பையில் இருக்கட்டும்.

அரசாங்கம் கொடுக்கிற உதவியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். உடற்குறை உள்ளவர்களுக்கான சட்டம் 2008ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சமூக நலத் துறையில் பதிந்துகொண்டால் ஓ.கே.யு. அட்டை கிடைக்கும், அதைக் காட்டினால் ரயிலில் சலுகைக் கட்டணம் உண்டு. அறுபது வயது தாண்டியவர்களுக்கும் சலுகை உண்டு. "அந்த அட்டையை வாங்கினா ஊர் என்ன சொல்லும்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். ஊர் டிக்கெட் எடுத்துத் தரப் போவதில்லை, அம்மா.

படி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பத்து காஜா பக்கத்தில் கெல்லி மாளிகை இருக்கிறது அல்லவா? வில்லியம் கெல்லி ஸ்மித் துரை நம் தமிழ்நாட்டு ஆட்களைக் கொண்டு கட்டியது. மலாயாவிலேயே முதல் மின்தூக்கியை அதில் வைக்க நினைத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை பாதியில் நின்றது. மின்தூக்கிக்காக விட்ட பள்ளம் மட்டும் வெறுமனே இருக்கிறது. அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நமக்குன்னு வரும்போதுதான் துரை செத்துப் போவான்" என்றார். நாங்கள் கீழ்த்தளத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் அந்தத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குப் போய், கூரையில் சாமிகளோடு சாமியாக நிற்கும் துரையின் சிலையைத் தேடிக் கண்டுபிடித்தோம். அரை நாள் போதும்.

மாணவர்கள் எவரெஸ்ட்டைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1997 மே 23ஆம் தேதி எம். மகேந்திரனும் என். மோகன்தாஸும் மலேசியர்களில் முதலாவதாக அதன் உச்சியைத் தொட்டார்கள், இருவரும் நம்மவர்கள். ஓடும் ரயிலிலிருந்து கொள்ளைக்காரர்கள் தள்ளிவிட்டதில் ஒரு காலை இழந்த அருணிமா சின்ஹா என்ற வட இந்தியப் பெண், 2013இல் செயற்கைக் காலோடு அதே உச்சிக்குப் போனார். இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்த நேப்பாளத்து ஹரி புத்த மகர் 2023இல் போனார். கேட்கவே மெய்சிலிர்க்கிறது. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்: இந்தக் கதைகள் எனக்கு உற்சாகத்தைவிடப் பயத்தைத்தான் கொடுத்தன. அவ்வளவு செய்தால்தான் வெளியே போகலாம் போலிருக்கிறது என்று தோன்றியது. கால் இல்லாதவர் எவரெஸ்ட் ஏறினால் கைதட்டுகிறோம். தைப்பிங் ஏரிக்கரையில் உட்கார ஆசைப்பட்டால் "எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்" என்கிறோம்.

இப்போது சொல்லப் போவதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தத் தாயாரைப் பார்த்து அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். சென்ற ஆண்டு நம் மாணவர்களை தைப்பிங் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போனோம். பெயர்ப் பட்டியல் தயாரித்தவள் நான். பிறவியிலேயே பாதம் திரும்பிய மாணவன் ஒருவன் இருந்தான். அவன் அம்மா செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர், காலையில் வேலைக்குப் போகிற வழியில் என்னிடம் வந்து, "அவன் வரலைங்க, டீச்சர். உங்களுக்கெல்லாம் சிரமம்" என்றார். "சரிங்கம்மா" என்றேன். நாற்பது பிள்ளைகளை மேய்க்க வேண்டுமே, ஒரு கவலை விட்டது என்றுதான் நினைத்தேன். அவன் பெயரின்மேல் நானே கோடு போட்டேன். என் அம்மாவுக்காக ரயிலையும் கழிவறையையும் விசாரித்தவள், முட்டிக்காக மூன்று வருஷம் அழுதவள், அந்த நொண்டி டீச்சர்தான் கோடு போட்டது.

மறுநாள் அவன் கோபித்துக்கொள்ளவில்லை. இடைவேளையில் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். புலி எப்படி இருந்தது என்று கேட்பான் என்று நினைத்தேன். "டீச்சர், பஸ்ஸுல யார் யார் வாந்தி எடுத்தாங்க?" என்று கேட்டான். யார் யார் என்று சொன்னேன். "யார் பக்கத்துல யாரு உட்கார்ந்தா?" அதையும் சொன்னேன். "பாட்டுப் பாடுனாங்களா? என்ன பாட்டு? யார் ஆரம்பிச்சது?" மணி அடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தான். புலியைப் பற்றிக் கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

வரும் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவில் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் குடும்பப் பயணம் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒரு பேருந்து, நாற்பது இடம். முன்வரிசை எட்டு இடங்களை நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். சக்கர நாற்காலி இரண்டு இரவலாகக் கிடைத்திருக்கிறது. தள்ளுவதற்கு ஆறாம் ஆண்டு மாணவர்கள் முறைபோட்டுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் இருக்க வேண்டும். பசியாற வழியில் நிறுத்துவோம். உட்காரும் கழிவறை உள்ள இடமாக நானே பார்த்து வைத்துவிட்டேன். பழைய சப்பாத்து, ஒரு குடை, மருந்து, தண்ணீர் போதும். பெயரை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் கொடுக்கலாம். வீட்டில் நடக்கச் சிரமப்படுகிறவர் இருந்தால் அவர் பெயரை முதலில் எழுதுங்கள், மற்றவர்கள் பெயர் அதற்குக் கீழே. பட்டியலில் முதல் பெயரை நான் ஏற்கனவே எழுதிவிட்டேன். அவனுக்கு ஜன்னலோர இடம் வேண்டுமாம். இரண்டாம் வரிசையில், பாட்டை ஆரம்பிக்கிறவனுக்குப் பக்கத்தில்.